கவட்டு வீக்கம் காத்திருக்காது

பிள்ளை அழும்போதும் முக்கும்போதும் கவட்டில் ஒரு வீக்கம் எழும்புகிறது. படுக்க வைத்தால் மறைகிறது. "வளர வளரச் சரியாகிவிடும்" என்று லயத்தில் பெரியவர்கள் சொல்கிறார்கள். தொப்புள் வீக்கத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தும். அது 4, 5 வயதுக்குள் தானாக அடைபட்டுவிடும். கவட்டுக் குடலிறக்கம் அப்படியல்ல. காசு வைத்துக் கட்டினாலும் எண்ணெய் பூசினாலும் அடைபடாது. சத்திரசிகிச்சை ஒன்றே வழி.

கருவில் ஆண் பிள்ளையின் விதை வயிற்றிலிருந்து இறங்கும் பாதை, பிறக்கும் காலத்தில் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் அதன் வழியே குடல் இறங்கும். குறைமாதப் பிள்ளைகளுக்கு இது அதிகம். பெண் பிள்ளைகளுக்கும் வருவதுண்டு. பிள்ளையை அழவிட்டதால் வந்தது என்று தாயைக் குறை சொல்வது அநியாயம்.

இறங்கிய குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து முதல் வயதில்தான் மிக அதிகம். வீக்கம் கல்லாகி உள்ளே போகாமல் நின்றால், பிள்ளை ஓயாமல் அழுது வாந்தி எடுத்தால், விடியும் வரை பொறுக்கக் கூடாது. இரத்தோட்டம் நின்று சில மணி நேரத்திலேயே குடலும் விதையும் கெட்டுப்போகலாம்.

முன்கூட்டியே செய்தால் இது சிறிய சத்திரசிகிச்சை. சிறு கீறலில் அந்தப் பையைக் கட்டி அகற்றுகிறார்கள். பெரியவர்களுக்கு வைப்பது போல வலை தேவையில்லை. ஆரோக்கியமான பிள்ளை பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமும் இல்லை.

பின் ஏன் தாமதம்? கிளினிக்குக்கு ஒரு நாள், சத்திரசிகிச்சைக்கு ஒரு நாள், திரும்பக் காட்ட ஒரு நாள். மூன்று நாள் பெயர் போய்விடும். பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் அதற்கு மேல். இலவச வைத்தியத்துக்கு நம் தாய்மார் இப்படித்தான் விலை கொடுக்கிறார்கள். இதை அவர்களின் அலட்சியம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. பிள்ளையின் சத்திரசிகிச்சைக்குப் போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினால் முழுப்பெயர் போட வேண்டும். இரவில் அவசரமென்றால் தோட்ட நிர்வாகம் வாகனம் தர வேண்டும். பிள்ளை மடுவத்தில் வீக்கம் கண்ட உடனே தாய்க்குச் சொல்லி, டொக்டரிடம் அனுப்ப வேண்டும்.

தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேச வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் காலம் எடுக்கலாம். சிக்கிய குடலுக்கு அந்த அவகாசம் இல்லை.