டாக்டர் பட்டம் வாங்கியது கல்லாவில் உட்காரவா?



இயற்பியலிலோ வேதியியலிலோ டாக்டர் பட்டம் பெற்று ஊர் திரும்பும் நம் பிள்ளைக்கு ஜமாஅத்தில் பொன்னாடை போர்த்துகிறோம். மறுவாரமே, "படித்தது போதும், கடையைப் பார்" என்கிறார் தந்தை. "துபாய்க்கு விசா எடுக்கட்டுமா?" என்கிறார் மாமா. ஐந்தாறு ஆண்டு உழைப்பு அத்தோடு முடங்குகிறது. இது நியாயமா?

வணிகப் பெருமக்களே! வெளிநாட்டில் 'போஸ்ட் டாக்' என்றால் மறுபடியும் பணம் கட்டிப் படிப்பது என்று எண்ணாதீர்கள். பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் ஓரிரு ஆண்டுகள் சம்பளமோ உதவித்தொகையோ பெற்றுக்கொண்டு செய்யும் ஆராய்ச்சிப் பணி அது. எகிப்தின் அஹ்மத் ஸுவைல் 1974இல் டாக்டர் பட்டம் பெற்றபின் அமெரிக்காவின் பெர்க்லியில் இப்படித்தான் பணியாற்றினார். 1999இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இளைஞனே! இந்த வேலையை எந்த ஏஜெண்டும் வாங்கித் தர முடியாது. "வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவனை நம்பாதே. ஆய்வேட்டை முடிக்க ஓராண்டு இருக்கும்போதே முயற்சியைத் தொடங்கு. உன் துறைப் பேராசிரியர்களின் கட்டுரைகளைப் படி. ஒரே கடிதத்தை இருநூறு பேருக்கு அனுப்பினால் குப்பைக்கூடைக்குத்தான் போகும். நீ செய்த ஆய்வு என்ன, அவருடைய கூடத்தில் நீ என்ன செய்ய முடியும் என்று ஒரு பக்கத்தில் எழுது. உன்னை அறிந்த மூன்று ஆசிரியர்களின் பரிந்துரைக்கு ஏற்பாடு செய். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மீண்டும் எழுது.

காலம் காத்திருக்காது! ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்குப் பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். உதவித்தொகைக்கு எல்லை 6 ஆண்டுகள். கல்லாவில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கதவை மூடுகிறது.

மறுப்பு வந்தால் மனம் தளராதே. துருக்கியின் சவூர் என்ற சிற்றூரில் எழுத்தறியாத பெற்றோருக்குப் பிறந்தவர் அஸீஸ் ஸன்ஜார். 1977இல் டாக்டர் பட்டம் பெற்றார். மூன்று இடங்களில் போஸ்ட் டாக் கேட்டார், மூன்றிலும் மறுப்பு! ஊர் திரும்பவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்து, சேதமடைந்த டி.என்.ஏ.வை உயிரணு எப்படிச் செப்பனிடுகிறது என்று ஆராய்ந்தார். அந்தத் துறைக்காகவே 2015இல் நோபல் பெற்றார்.

ஆட்சியாளர்களோ, நம் பிள்ளைகளின் ஆராய்ச்சிப் படிப்புக்குத் துணையாக இருந்த மௌலானா ஆஸாத் தேசிய உதவித்தொகையை 2022இல் நிறுத்திவிட்டார்கள். அதை மீண்டும் கேட்டுப் போராடுவது நமது உரிமை. அதுவரை கைகட்டி நிற்கலாமா?

பட்டம் முடிந்து வேலை கிடைக்கும்வரை உள்ள ஆறேழு மாதங்களில்தான் பிள்ளைகள் ஒடிந்து போகிறார்கள். வீட்டுச் செலவு, விசாக் கட்டணம், விமான டிக்கெட்! வளைகுடா விசாவுக்கு இலட்சங்களைக் கொடுக்கும் சமுதாயமே, இதற்கு வட்டியில்லா அழகிய கடன் கொடுக்க உன்னால் முடியாதா? ஒவ்வொரு பைத்துல்மாலும் ஆண்டுக்கு ஓர் ஆய்வாளரை, ஆணோ பெண்ணோ, பொறுப்பேற்கட்டும். 1951இல் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி எழுந்ததற்கு வணிகர்களின் கொடைதானே காரணம்?

கல்லூரி கட்டிய சமுதாயம், அங்கு படித்தவனைப் பாதி வழியில் விட்டுவிடக் கூடாது. இந்த ஜும்ஆவிலேயே உங்கள் மஹல்லாவில் பேசுங்கள். இன்ஷா அல்லாஹ், கதவுகள் திறக்கும்.