சீட்டுக் கொப்பியை ஆர் தொடலாம்?

லீசேயில் என்.எஸ்.ஈ படிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு என் கருத்து இதுதான்: கிளாஸ் எழுதத் தெரிந்தால் மட்டும் காணாது, எதை மறைக்கவேணும் என்றும் தெரியவேணும். உறைபொதியாக்கம் என்று சொல்வது இதைத்தான்.

லா சப்பலிலும் ஸ்தேனிலும் எங்கட ஆக்கள் சீட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 20 பேர், ஆளுக்கு மாதம் 200 யூரோ என்று வையுங்கோ. மாதம் 4000 யூரோ சேரும். காசு கட்டலாம், இந்த மாதம் ஆருக்கு என்று கேட்கலாம். ஆனால் சீட்டுப் பிடிக்கிற மாமியின் கொப்பியை இழுத்து ஒரு எண்ணை மாற்ற ஒருவரும் போகமாட்டார்கள்.

இதையே புரோகிராமாக எழுதினால் பலர் கொப்பியை மேசையில் விரித்து வைத்துவிடுகிறார்கள். எங்கோ ஒரு வரி மொத்தத்தை 400 ஆக்கிவிடும். எரர் வராது. பிழையைத் தேட முழு கோடையும் வாசிக்கவேணும். கொப்பி மொடியூலுக்குள் இருந்தால், அதைத் தொடுகிற இரண்டு மூன்று பங்ஷனைப் பார்த்தால் போதும்.

1995 இல் வந்த ஜாவாஸ்கிரிப்டில் மறைக்கவென்று தனி வசதி இருக்கவில்லை. அதனால் மாறிகளை ஒரு பங்ஷனுக்குள் வைத்து, அதை உடனே ஓடவிட்டு, வெளியே தேவையான பங்ஷன்களை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். இதுதான் மொடியூல் பற்றர்ன். மொழிக்குள்ளேயே மொடியூல் வந்தது 2015 இல். கிளாஸுக்குள் பிரைவேட் மாறிகள் 2022 இல்.

பைத்தனில் பெயருக்கு முன் போடும் ஒற்றை அடிக்கோடு ஒரு வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. இரட்டைக் கோடு போட்டாலும் பைத்தன் பெயரைத்தான் மாற்றும்; தெரிந்தவர் உள்ளே போகலாம். 1996 இல் இன்ரியா வெளியிட்ட ஓகாமில் எது வெளியே தெரியலாம் என்று எழுதிவைத்தால், மற்றதைத் தொட கம்பைலரே விடாது.

"சின்னப் புரொஜெக்ட்தானே, எல்லாம் நாங்கள் எழுதினதுதானே" என்பீர்கள். 30 வரி என்றால் சரி. மூன்று பேர் சேர்ந்து எழுதினால் சரிவராது. டேவிட் பார்னாஸ் 1972 இலேயே எழுதினார்: பின்னர் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு மொடியூலுக்குள் மறைத்து வையுங்கள் என்று. மாமி நாளைக்குக் கொப்பியை விட்டு எக்செல்லுக்கு மாறினாலும் நீங்கள் காசு கட்டுகிற விதம் மாறாது. மறைப்பது நண்பனை நம்பாததால் இல்லை. அவனுடைய கோட் உடையாமல் உங்களுடையதைத் திருத்தத்தான்.

இரண்டு எச்சரிக்கை. உள்ளே இருக்கிற பட்டியலையே திருப்பிக் கொடுத்தால் கொப்பியைக் கையில் கொடுத்த மாதிரித்தான், நகலைக் கொடுங்கோ. மற்றது, இது பாதுகாப்புப் பெட்டி இல்லை. பிரௌசரில் ஓடுகிற கோடை எவரும் திறந்து வாசிக்கலாம். அதற்குள் பாஸ்வேர்ட் வைக்காதையுங்கோ.

அடுத்த புரொஜெக்ட்டில் கிளாஸுக்குப் பெயர் வைக்க முதல், வெளியே ஆருக்கு என்ன தேவை என்று ஒரு தாளில் எழுதுங்கோ. அதில் இல்லாதது எல்லாம் உள்ளேயே இருக்கட்டும்.