பேஷன்ட்டாக நடித்தவர் எங்கே?

நம்மூரில் எம்.பி.பி.எஸ். முடித்தவர், மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் பிடித்து, வாசலில் போர்டு மாட்டி, ஒரு கம்பவுண்டரையும் உட்கார வைத்துவிட்டால் தீர்ந்தது. குடும்ப டாக்டர் ரெடி!

பிரிட்டனில் இந்தக் கதை நடக்காது சார். அங்கே குடும்ப டாக்டருக்கு ஜி.பி. என்று பெயர். மருத்துவப் பட்டம், அப்புறம் இரண்டு வருடம் அடிப்படைப் பயிற்சி அல்லது அதற்கு ஈடான அனுபவம், அதற்கும் அப்புறம் மூன்று வருடம் தனிப் பயிற்சி. அந்த மூன்று வருடப் படியில் கால் வைப்பதற்குத்தான் தள்ளுமுள்ளு. 2024-ல் சுமார் 4,000 இடங்களுக்கு 15,000 விண்ணப்பங்கள்! க்யூவில் நம்ம பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

யாரை எடுப்பது என்பதற்கு 2020 வரை ஓர் அருமையான வழி வைத்திருந்தார்கள். எழுத்துத் தேர்வு முடிந்ததும் ஆளைக் கூப்பிட்டு ஓர் அறையில் உட்கார வைப்பார்கள். எதிரே பேஷன்ட். நிஜ பேஷன்ட் இல்லை, நடிகர்! பத்து நிமிஷம் அவர் அழுவார், கோபப்படுவார், சொல்ல வந்ததை மென்று முழுங்குவார். டாக்டர் எப்படிச் சமாளிக்கிறார் என்று ஒருவர் பார்த்து மார்க் போடுவார். பேஷன்ட் போக, பேஷன்ட்டின் சொந்தக்காரராக ஒருவர், சக ஊழியராக ஒருவர் என்று மூன்று கேரக்டர் உண்டு. எழுத்துத் தேர்வில் வெளுத்துக் கட்டியவர்களுக்குப் பிற்பாடு இதிலிருந்து விலக்கும் கொடுத்தார்கள்.

2020-ல் கொரோனா வந்தது. நடிகர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொரோனா போன பிறகும் அவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை. இப்போது எல்லாமே கம்ப்யூட்டர் தேர்வுதான். ஒரு தாள் வைத்தியம். இன்னொரு தாள் தர்மசங்கடம்.

விளையாட்டில்லை. அந்த இரண்டாவது தாளில் கேள்விகள் இந்த மாதிரி இருக்கும்: கூட வேலை பார்க்கும் டாக்டர் காலை ட்யூட்டிக்கு வருகிறார். வாயில் மது வாடை. என்ன செய்வீர்கள்? தனியே அழைத்துப் பேசுவதா, சீனியரிடம் சொல்வதா, நர்ஸிடம் 'உங்களுக்கும் வாடை வருதா' என்று விசாரிப்பதா, கண்டுக்காமல் போவதா? எது முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்த வேண்டும். நம்ம ஆள் யாராவது என்றால், "பாவம், பிள்ளைகுட்டிக்காரன். ரெண்டு ஏலக்காய் கொடுத்து அனுப்பு" என்பார். அந்த ஆப்ஷன் அங்கே கிடையாது!

நிபுணர்கள் கூடிப் பேசி முடிவு செய்த வரிசைக்கு எவ்வளவு கிட்டே வருகிறோமோ அவ்வளவு மார்க். ஒரு ரூபாய் உதைத்தாலே ராத்திரி முழுக்கத் தேட வைக்கும் பேலன்ஸ் ஷீட்டோடு மல்லுக்கட்டிய பி.காம். நான். எனக்கு இது தாராள மனசாகத்தான் தெரிகிறது. இன்னொரு சௌகரியமும் உண்டு. கம்ப்யூட்டருக்கு உங்கள் நிறம் தெரியாது. நீங்கள் மதுரை இங்கிலீஷ் பேசுகிறீர்களா, மான்செஸ்டர் இங்கிலீஷா என்றும் தெரியாது.

ஆனால் போன நடிகர் நிஜமாகவே போய்விட்டாரா? இல்லை சார். வெளியே போகும் கதவருகே நிற்கிறார்! பயிற்சியை முடித்து ஜி.பி. ஆக வேண்டுமானால், நடிக்கும் பேஷன்ட்டுகளோடு ஆன்லைனில் பேசிப் பாஸாக வேண்டும். 12 பேஷன்ட், ஆளுக்கு 12 நிமிஷம். இதற்கு முந்தைய வடிவத் தேர்வில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களைவிட ரொம்ப அதிகமாக ஃபெயில் ஆனார்கள். அங்குள்ள இந்திய வம்சாவளி டாக்டர்கள் சங்கம் கோர்ட்டுக்கே போனது. 2014-ல் தீர்ப்பு. தேர்வு சட்டப்படி செல்லும் என்றார் நீதிபதி. சங்கத்துக்குத் தார்மீக வெற்றி என்றும் சேர்த்துச் சொன்னார்.

உள்ளே வரும்போது வாயைத் திறக்கச் சொல்லாமல், வருடக்கணக்கில் உழைத்த பிறகு 'நீ பேசுவது சரியில்லை' என்றால் அந்த ஆள் எங்கே போவார்? பெண்டாட்டி பிள்ளைகளோடு கடல் தாண்டிப் போனவராச்சே!

என்னைக் கேட்டால், பயிற்சியின் முதல் வாரத்திலேயே அந்த நடிகரைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் உட்கார வைக்கலாம். மார்க் வேண்டாம், ஃபெயிலும் வேண்டாம். எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக் கொடுத்தால் போதும். சரிசெய்துகொள்ள மூன்று வருடம் முழுசாக இருக்கிறதே.