எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்!

பிறந்தநாள் மண்டபங்களில் முன்பெல்லாம் எங்களிடம் ஒரு கேள்வி இருந்தது. "உங்களுக்குக் கார்ட் கிடைச்சிட்டுதோ?" பிறகு அது "எங்கை வேலை?" என்றானது. இப்போது கோழிப்பொரியல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் கேட்பது வேறு: "எந்தப் பக்கம் வீடு பாக்கிறியள்? அங்கை பள்ளிக்கூடம் எப்பிடி?"

கேள்வியில் பிழையில்லை. பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்கத்தான் வேண்டும். பதில்தான் எங்களுக்கு உதைக்கிறது. "நல்ல பள்ளிக்கூடம், அங்கை எல்லாம் வெள்ளையள்." "அந்தப் பக்கம் போகாதேங்கோ, முழுக்கக் காப்பிலியளும் அடையாங்களும்." இவ்வளவுதான் எங்கள் கல்வி ஆராய்ச்சி. அங்கே ஆசிரியர்கள் எத்தனை வருடம் நிற்கிறார்கள், ஓர் ஆசிரியை நோயில் படுத்தால் பதிலுக்கு யாராவது வருகிறார்களா, பின்தங்கிய பிள்ளையை என்ன செய்கிறார்கள் என்று கேட்டவர் ஒருவரையும் நாங்கள் அந்த மண்டபங்களில் காணவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வாசலில் காரை நிறுத்திவிட்டு, நாலரை மணிக்கு வெளியே வரும் தலைகளின் நிறத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஆம், நாங்களும்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, 77ஆம் மாவட்டத்தில், ரயிலால் இறங்கிப் பிறகு பஸ் எடுக்கிற ஒரு ஊரில்.

கொஞ்சம் படித்த எம்மவர் இதையே நாகரிகமாகச் சொல்வார்கள். "கலப்பு இருக்கத்தான் வேணும், ஆனால் அளவோடை." உப்பைப் பற்றிக் கதைப்பதுபோல! அந்த அளவு என்னவென்று துருவிக் கேட்டால் விளங்கும்: வகுப்பில் எங்கள் பிள்ளை ஒன்றே கலப்பாக இருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் ஏற்கனவே அங்கிருந்தவர்களாக இருக்க வேண்டும்.

இப்போது இதற்கு ஒரு எண்ணும் வந்துவிட்டது. பிரெஞ்சுக் கல்வி அமைச்சு ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு சமூக நிலைச் சுட்டெண் வைத்திருக்கிறது. ஈ.பே.எஸ். என்பார்கள். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2022இல் அதை வெளியில் விட்டார்கள். அன்றிலிருந்து எம்மவர் கைத்தொலைபேசியில் வீட்டு விலைக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் பார்க்கிறார்கள். இது 88, அது 117 என்று மாட்டுச் சந்தைபோல் பேச்சு நடக்கிறது.

அந்த எண் எதை அளக்கிறது? பிள்ளைகளின் புள்ளிகளை அல்ல. ஆசிரியரின் திறமையை அல்ல. தாய் தகப்பன் என்ன தொழில் செய்கிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிற எண் அது. டாக்டரும் வழக்கறிஞரும் பெற்ற பிள்ளை எண்ணை உயர்த்தும். ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவுகிறவரும் அலுவலகம் துடைக்கிறவரும் பெற்ற பிள்ளை அதைக் குறைக்கும். அதாவது, எந்த எண்ணைக் கண்டு நாங்கள் ஓடுகிறோமோ அந்த எண் நாங்கள்தான்! 117 உள்ள ஊருக்கு எங்களைப்போல் நாற்பது குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு போய் இறங்கட்டும். அங்கிருக்கிற வெள்ளைத் தாய்மார் தங்கள் தொலைபேசியில் எண் இறங்குவதைப் பார்ப்பார்கள். பிறகு அவர்களும் வீடு விற்கப் புறப்படுவார்கள். அவர்கள் மண்டபங்களில் எங்களை என்ன பெயரால் சொல்வார்களோ!

எங்கள் மகள் 93ஆம் மாவட்டத்தில், ஏழாம் இலக்க மெத்ரோ ஓடும் பக்கத்தில், 'ரெப்' என்கிற முன்னுரிமை வலயப் பாடசாலை ஒன்றில் படிக்கிறாள். 1981இல் 'செப்' என்ற பெயரில் தொடங்கிய ஏற்பாட்டின் இன்றைய வடிவம் அது. எங்கள் மண்டபங்களில் இந்தப் பெயரைச் சொன்னால் துக்கம் விசாரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் 2017இலிருந்து இந்த வலயங்களில் முதலாம் வகுப்பையும், அடுத்து இரண்டாம் வகுப்பையும் இரண்டாகப் பிரித்து, ஏறத்தாழப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று ஆக்கினார்கள். மகள் அப்படி ஒரு வகுப்பில்தான் இருந்தாள். வீட்டில் பிரெஞ்சு பேச ஆளில்லாத பிள்ளை, ஈஸ்ரர் விடுமுறைக்கு முதல் மெத்ரோ விளம்பரங்களை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தாள். நாங்கள் பார்க்கப்போன அந்த 77ஆம் மாவட்டத்துப் பாடசாலையில் ஒரு வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். எண்ணிக்கையைக் கேட்டோம், கேட்ட காதால் விட்டோம். வாசலில் பூஞ்செடி நன்றாக இருந்தது.

93ஐச் சொர்க்கம் என்று எழுத நாங்கள் வரவில்லை. எங்கள் கட்டடத்தின் வாசலில் பொடியன்கள் என்ன விற்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். மகனைப் பள்ளிக்கூட வழியில் அடித்துத் தொலைபேசியைப் பறித்தார்கள் என்று ஊரை விட்டுப்போன ஒரு குடும்பத்தை நாங்கள் குறை சொல்லமாட்டோம். போர் பார்த்த தாய்க்குப் பயத்தைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. எங்கள் கோபம் பயந்து போகிறவர்களோடு அல்ல, அருவருத்துப் போகிறவர்களோடு.

கட்டடங்களும் அப்படித்தான். 2024 பெப்ரவரி கடைசியில் 93இன் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, இந்த மாவட்டத்துக்கு மேலதிகமாக 5,000 ஆசிரியர் பதவிகள் வேண்டுமென்று கேட்டார்கள். செவ்ரானில் ஒரு லீசே மாணவர்கள் ஒழுகும் கூரையைப் படம் பிடித்து உலகத்துக்கே காட்டினார்கள். அரசு இந்த மாவட்டத்துக்குக் குறைவாகவே கொடுக்கிறது என்று 2018இல் பாராளுமன்ற உறுப்பினர்கள் இருவர், வெவ்வேறு கட்சிக்காரர், அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அறிக்கை எழுதியாகிவிட்டது, கூரை ஒழுகுகிறது. ஆசிரியர் வராத நாட்களைக் கூட்டினால் ஒரு பிள்ளைக்கு ஒரு முழு வருடப் படிப்பே போய்விடுகிறது என்று இங்குள்ள பெற்றோர் சங்கங்கள் நெடுங்காலமாகக் கத்துகின்றன.

அந்தக் கத்தலில் எங்கள் குரல் எங்கே? போன மாரியில் மகளின் ஆசிரியை பிரசவ விடுமுறையில் போனார். ஏழு வாரம் பதிலுக்கு ஆள் இல்லை. பிள்ளைகளை நாலு நாலாகப் பிரித்து மற்ற வகுப்புகளின் பின்வாங்கில் இருத்தினார்கள், சில நாள் வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னார்கள். மாலிக்காரத் தாய்மாரும், ஓர் அல்ஜீரியத் தகப்பனும், இரண்டு பிரெஞ்சுக் குடும்பங்களும் சேர்ந்து படுக்கை விரிப்பில் எழுதிப் பள்ளிக்கூட வாசலில் கட்டினார்கள். கல்வி அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போய் மூன்று மணிநேரம் நின்றார்கள். அடுத்த கிழமை பதில் ஆசிரியர் வந்தார். அந்த வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேர். அலுவலகத்துக்குப் போனது ஒரே ஒரு அக்கா. நாங்கள் அன்று பின்னேரம் வங்கியில் இருந்தோம். இந்தப் பாடசாலையை விட்டு ஓடுவதற்குக் கடன் கேட்டுக்கொண்டு!

கடன் கணக்கையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இந்த 'நல்ல பள்ளிக்கூடத்தின்' விலைச்சீட்டை யாரும் எழுதுவதில்லை. இருபத்தைந்து வருடம், மாதம் 1,150 யூரோ. வருமானத்தில் 35 வீதத்துக்கு மேல் வங்கி விடாது. கையில் காசாக வருவதை அவர்கள் கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்பது சமையலறைக்காரருக்குத் தெரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேலையும் வேண்டும். அதைவிட முக்கியமானது கூப்பூர். ரெஸ்ரோறன்டில் வேலை செய்யாதவர்களுக்கு: மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு விடுவார்கள், ஆறு மணிக்கு மறுபடி நிற்க வேண்டும். இடையில் உள்ள அந்த மூன்று மணிநேரத்தை எல்லாரும் சபிக்கிறோம். ஆனால் ஒப்பராவில் மெத்ரோ எடுத்தால் நாலரைக்கு மகளின் பள்ளிக்கூட வாசலில் நிற்க முடிகிறது. ஒரு மணிநேரம் வாசிப்பும் கணக்கும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நாங்கள் பார்த்த வீட்டுக்கோ போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. அங்கே போனால் மகள் எங்களை நித்திரையில்தான் காண்பாள். பூஞ்செடி உள்ள பள்ளிக்கூடம் கிடைக்கும், கொப்பி பார்க்கத் தகப்பன் கிடைக்கமாட்டான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவந்து கோப்பை கழுவுகிற எங்களிடம் பிள்ளைக்குக் கொடுக்க இருப்பது அந்த ஒரு மணிநேரம் மட்டும்தான்.

சரி, இந்தத் தலை எண்ணும் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது? பாரிஸில் பழகியதென்று நினைக்கிறவர்கள் ஊரை மறந்துவிட்டார்கள். அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்று 1929-30 அளவில் வந்தபோது யாழ்ப்பாணத்தில் பாடசாலைகளைக் கொளுத்தினார்கள். சிங்களவன் கொளுத்தவில்லை. எங்கள் பாட்டன்மார் கொளுத்தினார்கள். பக்கத்து வாங்கில் யார் இருக்கிறான் என்பதை வைத்துப் பள்ளிக்கூடத்தின் தரத்தை அளக்கிற அளவுகோல் அங்கே செய்யப்பட்டது. 1950களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தங்கள் கிராமங்களுக்குப் பள்ளிக்கூடம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது, தமிழர்களிடமிருந்தே ஒதுக்கப்பட்டதால். தரப்படுத்தலைப் பற்றி மூச்சு விடாமல் கதைக்கிற நாங்கள் இதைக் கதைப்பதில்லை. ஓப்ராவில் கொடுத்த கேசில் இதை எழுதியவர்களும் குறைவு. ஆனால் பெட்டிக்குள் அது பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. தீப்பெட்டி தேவையில்லை இப்போது, வீட்டுக் கடன் போதும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் ஊர் மாறுவதில்லை, கத்தோலிக்கத் தனியார் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்புகிறார்கள். (வீட்டில் ஐயப்பன் மாலை!) 1959ஆம் ஆண்டு தெப்ரே சட்டத்தின்படி ஒப்பந்தத் தனியார் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசுதான் கொடுக்கிறது. நாட்டின் மாணவரில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் தனியாரில் படிக்கிறார்கள். எங்களிடமும் எடுக்கிற வரியில் நடக்கும் அந்தப் பாடசாலைகள் யாரைச் சேர்ப்பது, யாரை வெளியே விடுவது என்று தாங்களே தெரிவுசெய்கின்றன. 2024 ஜனவரியில் புதிதாக வந்த கல்வி அமைச்சர் அமெலி ஊதேயா-கஸ்தெராவே, அரச பாடசாலையில் பதில் ஆசிரியர் வரவில்லை என்று காரணம் சொல்லித்தான் தன் பிள்ளை தனியாருக்குப் போனதை நியாயப்படுத்தினார். நாடே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பிறகு அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டு விண்ணப்பப் படிவம் வாங்க வரிசையில் நின்றோம்.

கலப்பு தானாக வராது, ஆனால் செய்தால் வரும். லாச்சப்பலில் மரக்கறி வாங்கப் போகிற நாங்கள் அறியாத சங்கதி ஒன்று, பக்கத்தில், 18ஆம் வட்டாரத்தில் நடந்தது. வசதியான பிள்ளைகள் கூடிய ஒரு கொலேஜ், ஏழைப் பிள்ளைகள் கூடிய இன்னொன்று, இரண்டும் அருகருகே. 2017இல் அவற்றை ஒரே வலயமாக்கி, எல்லாப் பிள்ளைகளையும் ஒரு வருடம் இதிலும் மறுவருடம் அதிலும் சேர்த்தார்கள். பெற்றோர் கூச்சலிட்டார்கள், தனியாருக்குப் போவோம் என்று மிரட்டினார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது தனியாருக்கு ஓடியவர்கள் கூடவில்லை, குறைந்திருந்தார்கள். துலூஸிலும் அதே வருடம் தொடங்கி மிராய் பகுதியின் இரண்டு கொலேஜ்களைப் படிப்படியாக மூடி, பிள்ளைகளை பஸ்ஸில் நகரத்தின் வேறு கொலேஜ்களுக்கு அனுப்பினார்கள். மூட வேண்டாம் என்று முதலில் எதிர்த்தவர்களில் அந்தக் குடியிருப்புத் தாய்மாரும் இருந்தார்கள். நியாயமான எதிர்ப்புத்தான், தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை இழக்க யாருக்கு மனம் வரும்? இந்தச் சண்டைகளில் எல்லாரும் இருந்தார்கள். எம்மவர் பெயர் ஒன்றைத் தேடினால் கிடைக்காது. நாங்கள் அப்போது வீட்டு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் சமையலறையில் கோப்பை கழுவுகிறவர் ஒரு மாலி நாட்டு நண்பர். அவருடைய மகனும் எங்கள் மகளும் ஒரே வகுப்பு. எங்கள் மகளுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். வங்கியிலிருந்து சம்மதம் வந்த அன்று, எண்ணெய்ச் சட்டி உரசிக்கொண்டே அவர் கேட்டார்: "வீடு வாங்கிறாயாம், நல்லது. ஏன் இவ்வளவு தூரம்?" "பள்ளிக்கூடத்துக்காக" என்றோம். அவர் உரசுவதை நிறுத்தவில்லை. "இங்கே பள்ளிக்கூடத்தில் என்ன பிழை?" என்றார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் ஒரு பதில் இருந்தது, அதை அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உன் பிள்ளைதான் பிழை என்று எப்படிச் சொல்வது?

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று இந்த நாட்டுச் சட்டம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருவருக்கும் ஒரே கருத்து இருக்கவில்லை, இப்போதும் முழுதாக இல்லை. ஒன்பதாம் நாள் பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. கனடாவிலிருந்து அண்ணை எடுத்து, "பிள்ளையின்ரை வாழ்க்கையோடை விளையாடாதேங்கோ" என்று அரைமணிநேரம் ஏசினார்.

மகள் கொலேஜுக்குப் போக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அந்தக் கொலேஜில் கணித ஆசிரியர் இடம் ஒன்று செப்ரெம்பரிலிருந்து காலியாம். வியாழக்கிழமை நாலரைக்குப் பெற்றோர் கூட்டம் வைத்திருக்கிறார்கள். கூப்பூர் நேரம்தான். தமிழ்ப் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களை அந்த அக்கா சேர்த்துக்கொண்டிருக்கிறார். இதுவரை பதினொன்று.