ஒலிப் பேழையின் திறவுகோல்

ஏடு கையில் இருந்தும் அதன் எழுத்தை அறிவார் இலரேல், அவ்வேடு இருந்தும் பயனின்று. இவ்வுண்மை நூலுக்கு மட்டும் உரியதன்று. பதிந்து வைத்த ஒலிக்கும் உரியது.

இக்காலத்தில் ஒலியை எண்களாகப் பதிகின்றனர். குறுந்தகட்டில் ஒலியானது நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்படுகிறது. ஒரு நிமிடப் பாட்டுக்கே ஒரு கோடிக்கு மேற்பட்ட பைட்டுகள் வேண்டும். ஆதலின் அவற்றைச் சுருக்கி எழுதும் முறைகள் பல தோன்றின. அவையே ஒலி வடிவங்கள் எனப்படும். எம்பி3 என்பது செவி எளிதில் உணராத ஒலிகளை நீக்கிச் சுருக்குவது. ஃபிளாக் என்பது ஒன்றையும் இழவாது சுருக்குவது. எந்த வடிவில் எழுதப்பட்டதோ, அந்த வடிவை அறிந்த மென்பொருளே அதனை மீண்டும் ஒலிக்கச் செய்யும்.

கையடக்க இசைப்பெட்டிகள் எவ்வடிவங்களை ஏற்கும் என்பதை அவற்றைச் செய்தவரே வரையறுத்தனர். இந்நிலையில், 2001ஆம் ஆண்டின் இறுதியில், சுவீடன் நாட்டு நிரலாளர் சிலர் ஆர்க்கோஸ் என்னும் இசைப்பெட்டிக்குத் தாமே ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கினர். ராக்பாக்ஸ் என்பது அதன் பெயர். அதன் மூலநிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

அப்பெட்டியில் எம்பி3 வடிவை விரிப்பதற்கெனத் தனிச் சில்லு ஒன்று இருந்தது. ஆக் வார்பிஸ், ஃபிளாக் போன்ற வடிவங்களை அது விரிக்க இயலாது. பின்னர், விரைவு மிக்க செயலி கொண்ட ஐரிவர், ஐபாட் முதலிய பெட்டிகளிலும் ராக்பாக்ஸ் இயங்கலாயிற்று. அவற்றில் விரிக்கும் வேலையை மென்பொருளே ஏற்றது. ஐபாடின் சொந்த மென்பொருள் ஏற்காத ஆக் வார்பிஸ், ஃபிளாக் ஆகிய வடிவங்களும் அதில் ஒலித்தன. காரணம் யாது? அவ்விரண்டின் இலக்கணமும் ஒளிவின்றி உலகுக்கு அளிக்கப்பட்டிருந்தது. மறைகுறியால் பூட்டி விற்கப்பட்ட பாட்டுகளையோ ராக்பாக்சாலும் ஒலிக்கச் செய்ய இயலவில்லை.

பூட்டினால் வரும் கேடு சிறிதன்று. 2008ஆம் ஆண்டில் யாகூ நிறுவனம் தன் இசை அங்காடியை மூடியபோது, விற்ற பாட்டுகளுக்குத் திறவுகோல் வழங்குவதையும் நிறுத்தியது. விலை கொடுத்தவரும் அவற்றைப் புதிய கணினிக்கு மாற்றிக் கேட்க இயலாதவராயினர். அந்நிறுவனம் ஈடு அளிக்க முன்வந்தது உண்மையே. ஆயினும், பொருளுக்கு ஈடு உண்டு. மறைந்த தாயின் குரல் அவ்வாறு பூட்டுண்டால் அதற்கு ஈடு ஏது?

"புதுமுறை கண்டவர்க்கு ஊதியம் வேண்டாவோ?" எனச் சிலர் வினவுவர். வேண்டும். எம்பி3 வடிவின் இலக்கணம் 1993ஆம் ஆண்டிலேயே பொதுநெறியாக வெளியிடப்பட்டது. ஆயினும், அதனைக் கண்ட பிரான்ஹோபர் நிறுவனத்தார் 2017ஆம் ஆண்டு வரை உரிமைக் கட்டணம் பெற்றனர். எனவே, ஊதியம் பெறுதற்கு இலக்கணத்தை மறைக்க வேண்டுவதில்லை. காப்புரிமை ஒருநாள் முடியும். மறைத்த இலக்கணமோ மறைத்தவரோடு மாய்ந்து போகலாம்.

மாணவர்களே! உங்கள் பாட்டியின் தாலாட்டையோ, ஊர்ப் பெரியவரின் கதையையோ பதிவு செய்வீராயின், இலக்கணம் வெளிப்பட்ட வடிவிலேயே பதிந்து வையுங்கள். கணிதத்தில் விருப்பமுடையோர் அத்தகைய மென்பொருளை எழுதவும் பயிலுங்கள். பெட்டி பழுதாகும், நிறுவனம் மறையும், திறவுகோல் பொதுவில் இருப்பின் ஒலி வாழும்.