கழுத்தளவு நீர்

பலெர்மோ நகரிலே வயோதிப மாது ஒருவரைப் பராமரிக்கும் தொழிலிற் சில ஆண்டுகள் இருந்தேன். இரவில் உறக்கமில்லை, பகலில் ஊர்க்கடனைப் பற்றிய யோசனை. ஒருநாள் நெஞ்சு படபடக்க வைத்தியர் ஒருவரிடஞ் சென்று, எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில், "சோனோ ஸ்ட்ரெஸ்ஸாத்தோ" என்றேன். "யார்தான் அப்படியில்லை?" என்று புன்னகைத்து, விற்றமின் எழுதித் தந்தார்.

அவரைக் குறைகூறேன். குறை நான் எடுத்த சொல்லில் இருந்தது. 'ஸ்ட்ரெஸ்' ஆங்கிலத்திலிருந்து இத்தாலியம் பெற்ற கடன். வியென்னாவிற் பிறந்து கனடாவில் ஆராய்ந்த ஹான்ஸ் செலியே 1936இல் தொடக்கிவைத்த ஆய்வுகளின் வழியே உலகெங்கும் பரவியது. ஆணுக்கு 'ஸ்ட்ரெஸ்ஸாத்தோ', பெண்ணுக்கு 'ஸ்ட்ரெஸ்ஸாத்தா' என இத்தாலியர் அதற்குத் தம் விகுதிகளைச் சேர்த்துக்கொண்டனர். கடன் வாங்கியதைப் பிழையென்று சொல்லேன். (இறுக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே அந்த ஆங்கிலச் சொல்லும்; பேரன் வேற்றுடையில் வீடு திரும்பினான் என்று கொள்ளலாம்.) ஆனால், பஸ்ஸைத் தவறவிட்டவனும் அதையே சொல்கிறான், வாழ்வே வெறுத்தவனும் அதையே சொல்கிறான். கேட்பவர் எதைக்கொண்டு வேறுபாடு அறிவார்?

நிற்க. நான் பராமரித்த அம்மாது அந்தச் சொல்லை ஒருபோதும் வாயில் எடுத்ததில்லை. கடன் நெருக்கினால், "ஓ லாக்குவா அல்லா கோலா" என்பார். தண்ணீர் தொண்டைமட்டும் வந்துவிட்டது என்பது பொருள். களைத்து ஓய்ந்தால், "சோனோ ஆ பெத்ஸி", துண்டு துண்டாய்க் கிடக்கிறேன். 'அஃபன்னோ' என்ற சொல்லோ மூச்சிளைப்பையும் மனத்துயரையும் ஒருங்கே குறிக்கும். 'அங்கோஷா' என்னும் வேதனைச் சொல்லின் இலத்தீன் வேர் ஒடுக்கத்தைச் சுட்டுவது. நெருக்கத்திலிருந்து 'நெருக்கடி' கண்ட நமக்கு அதனை விளக்கவேண்டியதில்லை. இவையெல்லாம் உடம்பறிந்த சொற்கள்.

நம்மவர் பலர் இன்று பலெர்மோவில் வாழ்கின்றனர். அவர்களுக்கு மொழி கற்பிப்போர் வணக்கமும் விலைகேட்டலும் முடிந்தவுடன் இச்சொற்களைக் கற்பித்தல் வேண்டும் என்பது என் துணிபு. இலக்கணம் சற்றுப் பொறுக்கும், நெஞ்சு பொறாது.

இரு கிழமைகளின் பின் அதே வைத்தியரிடம் மீண்டும் போனேன். அம்மாது சொல்லித்தந்தபடி, "நொன் நே பொஸ்ஸோ பியூ" என்றேன். இதற்குமேல் என்னால் இயலாது என்று அர்த்தம். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்துசென்று கதவைச் சாத்திவிட்டு வந்து, "எவ்வளவு காலமாக?" என்று கேட்டார்.