ஓதம் குறிக்காத அளவை ஏற்க மாட்டோம்: அடையாறு முகத்துவார நீர்த்தரம் குறித்து எங்கள் நிலைப்பாடு

அடையாறு முகத்துவாரத்தில் எடுக்கப்படும் எந்த நீர் மாதிரியின் முடிவும் ஐந்து விவரங்களோடு சேர்ந்தே வெளியாக வேண்டும்: எடுத்த நேரம், அப்போது ஓதம் ஏற்றமா வற்றமா, தண்ணீரின் உப்பளவு, எடுத்த ஆழம், முகத்துவாரம் திறந்திருந்ததா மணல் மூடியிருந்ததா. இந்த விவரங்கள் இல்லாத எண்ணை, ஆறு தேறியதற்கோ கெட்டதற்கோ சான்றாக நாங்கள் ஏற்க மாட்டோம். அதை அரசுத் துறை வெளியிட்டாலும் சரி, ஒப்பந்த நிறுவனம் வெளியிட்டாலும் சரி, எங்களைப் போன்ற மக்கள் அமைப்பு வெளியிட்டாலும் சரி.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இந்த அறிக்கை.

மலைப்பட்டு ஏரிப் பக்கம் தொடங்கி, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்து உபரிநீரையும் வாங்கிக்கொண்டு, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடி வருகிறது அடையாறு. மழை மாதங்கள் போக மீதி நாட்களில் அதில் வருவது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீர்தான். சுத்திகரித்ததும் உண்டு, சுத்திகரிக்காததும் உண்டு. பக்கிங்காம் கால்வாயும் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் தன் பங்கைக் கொண்டுவந்து சேர்க்கிறது. திரு.வி.க. பாலத்தைத் தாண்டி, சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே இவை அனைத்தும் கடலைச் சந்திக்கின்றன. சென்னைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பௌர்ணமி, அமாவாசை நாட்களில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அஷ்டமி நாட்களில் அதில் பாதியும் இராது. சின்ன ஓதம்தான். ஆனாலும் முகத்துவாரம் திறந்திருக்கும்போது அது ஒரு நாளில் இரண்டு முறை உள்ளே வந்து இரண்டு முறை வெளியே போகிறது. ஏற்றத்தில் கடல்நீர், வற்றத்தில் ஆற்றுநீர் என்று ஒரே இடத்தில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு வேறு தண்ணீர் நிற்கிறது.

ஓதம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். இந்தச் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு உச்ச ஏற்றம் என்றால், அடுத்த செவ்வாய்க்கிழமை அதே 11 மணிக்கு ஏறக்குறைய முழு வற்றம். மாதத்துக்கு ஒருமுறை, அலுவலக நேரத்தில், வாகனம் கிடைத்த நாளில் போய் ஒரு குப்பி அள்ளி வந்தால், அந்தக் குப்பி எதைச் சொல்கிறது? ஆற்றைப் பற்றிச் சொல்கிறதா, அன்றைய நிலாவைப் பற்றிச் சொல்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை.

இது எங்கே போய் முடியும் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறோம். எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். பாலத்தடியில் எடுத்த ஒரு குப்பியில் உப்பு 17.5 கிராம், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 16 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். உப்பு பாதி என்றால் குப்பியில் பாதி கடல்நீர். கடல்நீரின் பிஓடி மிகச் சொற்பம். அப்படியானால் ஆறு கொண்டுவந்த தண்ணீரின் பிஓடி 16 அல்ல, 32ஐ ஒட்டி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளை ஐந்து வரிசையாகப் பிரிக்கிறது. 10 முதல் 20 வரை பிஓடி இருந்தால் மூன்றாம் வரிசை. 30ஐத் தாண்டினால் முதல் வரிசை, அதாவது மிக மோசம். உப்பளவை எழுதாமல் விட்டதனால் மட்டும் ஆறு இரண்டு படி தேறிவிடுகிறது. சாக்கடைக் குழாய் ஒன்றுகூட அடைபடவில்லை.

இதனால்தான் முகத்துவாரத்து மணலை வாரிய கையோடு வெளியாகும் நல்ல எண்களை நாங்கள் சந்தேகத்தோடு பார்க்கிறோம். மணல் வாருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த கரை இது. மழைக்கு முன் வாய் திறந்திருக்க வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வாய் திறந்தால் கடல்நீர் உள்ளே வந்து கழிவைக் கலைக்கும், பிஓடி இறங்கும். அது கலப்பு. அதைச் சுத்திகரிப்பின் வெற்றி என்று எழுதிக்கொள்வது தவறு. 2024ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அடையாற்றை மீட்க 1,500 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பணத்தின் பலனை அளக்கப்போகும் எண், பொக்லைன் எந்தத் தேதியில் வந்தது என்பதைப் பொறுத்து மாறக் கூடாது. ஆகவே பிஓடி வெளியாகும் ஒவ்வொரு இடத்திலும் உப்பளவும், கடல்நீர்க் கலப்பைக் கழித்துப் பார்த்த பிஓடியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கடலின் உப்பும் ஆண்டு முழுவதும் ஒன்றல்ல, வடகிழக்குப் பருவமழையில் கணிசமாகக் குறையும். எனவே அன்றைய கடல்நீர் மாதிரி ஒன்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

வாய் மூடியிருக்கும் காலம் வேறு கதை. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைக் குப்பங்களில் தெண்டி என்பார்கள். தெண்டி ஓடும் மாதங்களில் மணல் வடக்கே நகர்ந்து வாயை அடைக்கும். ஆற்றிலும் தள்ளிவிடும் வேகம் இருக்காது. அப்போது முகத்துவாரம் குட்டையாகிவிடுகிறது. வெயிலில் பாசி பெருகும். பகலில் பாசி ஆக்சிஜனை விடும், இரவு முழுக்க அதுவும் சேர்ந்து ஆக்சிஜனைக் குடிக்கும். மதியம் அளந்தால் கரைந்த ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். விடிவதற்கு முன் அளந்தால் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். மடவை மீன் மேலே வந்து வாய் திறந்து திணறுவதை விடியற்காலையில் வீச்சுவலை போடப் போகிறவர் பார்க்கிறார். 11 மணிக்கு ஜீப்பில் வருகிறவர் கண்ணில் அது படாது. முதல் மழைக்குப் பிறகு அடையாற்றில் மடவை செத்து மிதப்பது புதிதல்ல. கோடை முழுதும் அடியில் தேங்கிய சேறு கிளறப்பட்டு, மிச்சமிருந்த ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்வதே அதற்குப் பெரும்பாலும் காரணம். ஆகவே கரைந்த ஆக்சிஜனை விடியலுக்கு முன்னால், மேல்தண்ணீரிலும் அடித்தண்ணீரிலும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்கிறோம். உப்புத்தண்ணீர் கனமானது, அடியில் ஆப்புப்போல நுழையும். கழிவுநீர் மேலே மிதக்கும். கரையிலிருந்து வாளியை வீசி அள்ளினால் மேல்தண்ணீர் மட்டுமே கிடைக்கும்.

எங்கள் தன்னார்வலர்கள் ஆக்சிஜனைப் பார்க்கும் முறையைச் சொன்னால் இது எவ்வளவு எளிது என்பது புரியும். கண்ணாடி மூடி போட்ட குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, அங்கேயே மாங்கனீசு சல்பேட்டையும் அயோடைடு கலந்த காரத்தையும் சில துளி விட்டு, மூடிக் கவிழ்த்து நிமிர்த்துவார்கள். குப்பிக்குள் பழுப்புப் படிவு இறங்கினால் ஆக்சிஜன் உண்டு. எவ்வளவு என்பதைப் பிறகு சோதனைச்சாலையில் கணக்கிடலாம். படிவு பால்போல வெள்ளையாகவே நின்றால் கணக்குப் போட ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். காரமும் பின்னால் சேர்க்கும் அமிலமும் கையில் படாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் உடன் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்மோனியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிக்கைகளில் அது ஒற்றை எண்ணாக வந்து போகிறது. தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் மீனைக் கொல்வதில்லை. அதில் அயனியாகாத பகுதிதான் நஞ்சு. பிஹெச் 7ஆக உள்ள 30 டிகிரித் தண்ணீரில் அந்தப் பகுதி நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பிஹெச் 8 ஆனால் ஏழு எட்டு ஆகிவிடும். கடல்நீரின் பிஹெச் 8ஐ ஒட்டியது. அம்மோனியா நிறைந்த கழிவுநீர் கடல்நீரோடு கலக்கும் நேரத்தில், மொத்த அளவு குறைந்திருந்தாலும் நஞ்சு கூடியிருக்கலாம். வெப்பநிலையும் பிஹெச்சும் இல்லாமல் அம்மோனியாவை மட்டும் அச்சிடுவதில் பயனில்லை. சிஓடிக்கும் (கழிவை வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) இதேபோல ஒரு சிக்கல் உண்டு: உப்பில் இருக்கும் குளோரைடு சோதனையைக் குழப்பி எண்ணை ஏற்றிக் காட்டும். முகத்துவாரத்தில் சிஓடியை வைத்து யாரையும் பாராட்டவோ குற்றம் சாட்டவோ வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அடுத்து, எந்த அளவுகோல்? ஆற்றில் குளிக்க வேண்டுமானால் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், பிஓடி 3ஐத் தாண்டக் கூடாது. கடலோர நீருக்கு மத்திய வாரியம் ஐந்து வகுப்புகள் வைத்திருக்கிறது. குளிக்கும் கடலுக்கு ஆக்சிஜன் 4. துறைமுகத்துக்கும், கப்பல் போகவும் கட்டுப்பாட்டோடு கழிவு விடவும் மட்டுமேயான நீருக்கும் 3 போதும். அடையாறு முகத்துவாரம் எந்த வகுப்பு என்று முதலில் அறிவிக்க வேண்டும். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் ஓதநீரையும் நீரோடை என்ற சொல்லுக்குள் வைக்கிறது, எது வரை என்பதை மாநில அரசு அறிவிக்கலாம் என்கிறது. எனவே சட்டத்தில் இடமில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே பிள்ளைகள் குதித்துக் குளிக்கிறார்கள், இறாலும் நண்டும் பிடித்து விற்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். குளிக்கும் கடலுக்கான வகுப்பே இந்த நீருக்குரிய இலக்கு. துறைமுக வகுப்பில் தள்ளிவிட்டுத் தேர்ச்சி போடுவதை ஏற்க மாட்டோம்.

உலோகங்கள், நுண்நெகிழி ஆகியவற்றுக்கு மாதாமாதம் தண்ணீரை அளப்பது வீண்செலவு. அவை சேற்றில் தங்குபவை. ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த பின், குறித்த சில இடங்களில் சேறு எடுத்துப் பார்த்தால் போதும்.

தானியங்கி உணர்கருவி வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இரவிலும் விடியலிலும் அளக்க அதைவிட நல்ல வழி இல்லை என்பதால் நாங்களும் அதைக் கேட்கிறோம். ஆனால் உப்புநீரில் போட்ட எதன்மேலும் சில நாட்களில் பாசி படியும், பிறகு கொட்டலசு ஒட்டும். துடைக்காத கருவி தொடர்ந்து எண்களை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். அவை கொட்டலசு சொல்லும் எண்கள். கருவி வாங்கும் டெண்டரில் வாராவாரம் சுத்தம் செய்து சரிபார்க்கும் செலவும், அதைச் செய்யும் ஆளின் சம்பளமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கருவியே வேண்டாம், குப்பியே போதும்.

எங்களிடம் அடிக்கடி சொல்லப்படும் மறுப்பு ஒன்று உண்டு. ஆறு சாக்கடையாக ஓடுவது மூக்குள்ள எல்லாருக்கும் தெரியும், அளந்து என்ன ஆகப்போகிறது, அந்தப் பணத்தில் நாலு குழாயை அடையுங்கள் என்பார்கள். பாதி நியாயம் அதில் உண்டு. அளப்பது சுத்தம் செய்வதற்கு ஈடாகாது, கமிட்டி போட்டு அளந்துகொண்டே காலம் தள்ளுவதை நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் எந்தக் குழாயை முதலில் அடைப்பது? பக்கிங்காம் கால்வாய் சேரும் இடங்களுக்கு மேலேயும் கீழேயும் ஒரே வற்றத்தில் மாதிரி எடுத்தால்தான், நாற்றத்தில் எவ்வளவு கால்வாயுடையது, எவ்வளவு சைதாப்பேட்டைக்கு மேலிருந்து வருவது என்று தெரியும். மூக்கு அதைப் பிரித்துச் சொல்லாது. நியூயார்க் நகரம் தன் துறைமுக நீரை 1909 முதல் அளந்துவருகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தப் பதிவை வைத்துக்கொண்டுதான் எந்தச் செலவு பலித்தது என்று அங்கே பேச முடிகிறது.

மக்கள் எடுக்கும் அளவு நம்பகமற்றது என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். நம்பகமற்றதாக இருக்கலாம்; எனவே சோதியுங்கள். ஒரே குப்பியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வாரியத்தின் சோதனைச்சாலையும் மற்றொன்றை ஒரு கல்லூரிச் சோதனைச்சாலையும் பார்க்கட்டும், இரண்டு முடிவும் அருகருகே வெளியாகட்டும். பிஓடியைப் பொறுத்தவரை நம் நாட்டு முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும். எடுத்த குப்பி பனிக்கட்டியில் வைக்கப்படாமல் ஆட்டோவில் வெயிலில் சுற்றியிருந்தால் யார் எடுத்தாலும் அது குப்பைக்குத்தான் போக வேண்டும். முகத்துவாரம் திறந்த தேதி, மூடிய தேதி, மீன் செத்த நாள் ஆகியவற்றுக்குக் குப்பத்து மீனவர்களைவிடச் சரியான பதிவாளர் கிடையாது. அந்தப் பதிவை அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்த்து, அதை எழுதுபவருக்கு ஊதியமும் தர வேண்டும். ஊதியமில்லாத சேவையாக அவர்களிடம் கேட்பதை நாங்கள் ஒப்பவில்லை.

வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள், மீன் விற்காது என்ற கவலை குப்பத்திலேயே சிலருக்கு இருக்கிறது. அந்தக் கவலையை நாங்கள் ஒதுக்கவில்லை. ஆற்றுமீன் வேறு, கடல்மீன் வேறு என்பதை ஒவ்வொரு வெளியீட்டிலும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதற்காக எண்ணையே மறைப்பது, மீன் வாங்குபவருக்கும் நல்லதில்லை, தண்ணீரில் தினமும் இடுப்பளவு நிற்பவருக்கும் நல்லதில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005இன் நான்காம் பிரிவு, யாரும் கேட்காமலேயே தகவலை வெளியிடும் கடமையைத் துறைகள்மேல் வைத்திருக்கிறது. மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டிய தகவல் அல்ல இது.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நீர்வளத் துறையும் சென்னைக் குடிநீர் வாரியமும் வரும் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரே மேசையில் உட்கார்ந்து, அளக்கும் இடங்களையும் ஓத நேரங்களையும் முடிவுசெய்து தமிழில் வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம். எங்கள் பதிவேடுகள் முழுவதையும், எங்களுக்குச் சாதகமில்லாத பக்கங்கள் உட்பட, அந்த மேசையில் வைக்கத் தயார். இந்தக் கரையில் குடியிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இனி யாராவது உங்களிடம் வந்து அடையாறு தேறிவிட்டது என்றோ செத்துவிட்டது என்றோ ஓர் எண்ணைக் காட்டினால், எத்தனை மணிக்கு எடுத்தது, ஏற்றமா வற்றமா, உப்பு எவ்வளவு என்று கேளுங்கள்.